மகளின் நான்காவது பள்ளிக்கூடம்

என் கணவர் கனேடிய இராணுவத்தில் வாகனம் திருத்துபவர். அவருக்கு ரொறன்ரோவுக்கு மாற்றல் வந்தபோது நாங்கள் அல்பேர்ட்டாவில் இருந்தோம். மகளுக்குப் பதினொரு வயது. அதற்குள் மூன்று மாகாணங்களில் மூன்று பள்ளிக்கூடங்கள் பார்த்துவிட்டாள். விஷயத்தைச் சொன்னதும் வழக்கம்போல "ஓகே" என்றாள்.

வீடு தேட எங்களுக்கு ஒரு வாரம் கிடைத்தது. மே மாதக் கடைசி. ரொறன்ரோவை ஒட்டிய யூனியன்வில்லில் கணவரின் அக்கா வீட்டில் தங்கினோம். மச்சாள் எங்களுக்கு முன்பே எல்லாவற்றையும் முடிவுசெய்து வைத்திருந்தார்.

"இஞ்ச அட்ரஸ்தான் எல்லாம்," என்றார் முதல் நாளே. "எந்த ரோட்டில இருக்கிறியளோ அந்த ஸ்கூல்தான் கிடைக்கும். இந்தப் பக்கம் நிலத்துக்குக் கீழ பேஸ்மென்ற் எண்டாலும் பாத்து எடுங்கோ. பிள்ளைக்காக அதைக்கூடச் செய்யேலாதோ?"

எனக்கு மறுப்பில்லை. இரண்டு மாதமாக நானும் இரவு பகலாகப் பள்ளிக்கூடங்களின் பரீட்சை முடிவுகளை ஒப்பிட்டுப் பார்த்து மச்சாள் வீட்டுப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருந்தேன். மறுநாள் போய்ப் பார்த்தோம். அழகான கட்டடம், பெரிய நூலகம். அலுவலகத்தில் இருந்த பெண் எங்களோடு அன்பாகப் பேசினார். இங்குள்ள பிள்ளைகள் பாலர் வகுப்பிலிருந்தே ஒன்றாகப் படிக்கிறார்கள், ஒரே குடும்பம் மாதிரி என்று பெருமையாகச் சொன்னார். மகள் நன்றி சொன்னாள். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "ஓகே" என்றாள்.

அன்று மாலை வேலைத்தள நண்பர் ஒருவர் கணவருக்கு நகரின் இன்னொரு பக்கத்தில், வோபர்னில் ஒரு மேல்மாடி வீடு வாடகைக்கு இருப்பதாகச் சொன்னார். எனக்குப் போக விருப்பமில்லை. ஆனால் இலையுதிர்காலத்தில் கணவர் ஆறு மாதத்துக்கு வெளிநாடு போகவேண்டியிருந்தது. "நான் இல்லாத நேரம் நீர் பேஸ்மென்றில தனிய இருக்கப்போறீரோ? சும்மா பாப்பம் வாரும்," என்றார் கணவர்.

போகிற வழியில் அந்தப் பகுதிப் பள்ளிக்கூடத்துக்கும் போனோம். சுவரில் பெயின்ட் உரிந்திருந்தது. அலுவலகப் பெண் தொலைபேசியில் பேசிக்கொண்டே ஒரு கையால் படிவம் நீட்டினார். பேசி முடித்ததும் மகளைப் பார்த்து, இந்த வாரம் மட்டும் இரண்டு பேர் புதிதாக வந்திருக்கிறார்கள் என்று சொல்லி, நடைவழியில் போன ஒரு சிறுமியைக் கூப்பிட்டார். இவளுக்குப் பள்ளிக்கூடத்தைச் சுற்றிக்காட்டு என்றார். அந்தச் சிறுமியே வந்து மூன்று வாரம்தானாம். ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வந்தது.

பத்து நிமிடத்தில் வந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். நாற்பது நிமிடமாயிற்று. திரும்பி வரும்போது இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு வந்தார்கள். சிறுமி தப்பான கதவைத் திறந்து ஆசிரியர்களின் அறைக்குள் கூட்டிப்போய்விட்டாளாம்.

காரில் ஏறியதும் மகள் பேசத் தொடங்கினாள். "அம்மா, நான் போன எல்லா ஸ்கூல்லையும் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். எனக்கு அவையின்ர பேர் பாடமாகிறதுக்கு முதலே நாங்கள் மூவ் பண்ணிடுவம். இஞ்ச ஒருத்தருக்கும் ஒருத்தரையும் தெரியாதாம். It's so nice."

எந்த இடத்துக்கும் பழகிக்கொள்கிற பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான். அவள் பழகியதே இல்லை என்பது அன்றுதான் தெரிந்தது.

வீட்டுக்கார அன்ரி கீழ்த்தட்டில் தனியாக இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். மேல்மாடியைக் காட்டிவிட்டுத் தேநீர் ஊற்றிக்கொண்டே, "தம்பி என்ன வேலை?" என்று கேட்டார்.

"அப்பா ஆமி," என்றாள் மகள்.

அன்ரியின் கை அப்படியே நின்றது. அந்தச் சொல்லை அவர் எங்கே, எப்படிக் கேட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். நானும் சின்ன வயதில், ஊரில் யுத்தம் நடந்த நாட்களில், அதைக் கேட்டு ஓடியவள்தான். மகளுக்கு அது அப்பாவின் வேலையின் பெயர், அவ்வளவுதான்.

"கனடா ஆமி, அன்ரி," என்றார் கணவர் மெதுவாக. "ட்ரக் திருத்திற வேலை."

"விளங்குது தம்பி. குறை நினையாதையுங்கோ. அந்தச் சொல்லைக் கேட்டா நெஞ்சு ஒருக்கா திக்கெண்டுது." மீதித் தேநீரை ஊற்றிவிட்டுக் கேட்டார்: "யூனிஃபோமோடயே வீட்டை வருவியள்?"

"இல்லை அன்ரி. வேலையில மாத்திப்போட்டு வாறன்."

வோபர்ன் வீட்டையே எடுக்கப்போகிறோம் என்று அன்றிரவு மச்சாளிடம் சொன்னோம். "படிச்ச பிள்ளையள் செய்யிற வேலையே இது?" என்று கோபித்தார். நான் எல்லா விளக்கத்தையும் தயாராக வைத்திருந்தேன், ஆனால் வாயில் வந்தது ஒன்றுதான்: "அவள் அங்க சிரிச்சவள், மச்சாள்." அவர் எழும்பிப் போனார். காலையில் புட்டுக் குழைத்துக்கொண்டு, "கணக்குக்கு ட்யூஷன் போடோணும், சொல்லிப்போட்டன்," என்றார்.

அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. கணக்கில் மகள் பின்தங்கினாள். இரண்டு வருடம் சனிக்கிழமைகளில் மச்சாள் வீட்டுக்குப் போய் அவரிடமே படித்தாள். கணவர் வெளிநாட்டில் இருந்த குளிர்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது அன்ரிதான் மகளைப் பள்ளிக்கூடத்துக்கு நடத்திக் கூட்டிப்போனார். கணவர் திரும்பி வந்த நாளில் சீருடையோடுதான் வந்தார், மாற்ற நேரமில்லை. அன்ரி வாசலில் நின்று பார்த்தார். பிறகு, "மெலிஞ்சுபோனீர் தம்பி," என்றார்.

போன வருடம் மறுபடி மாற்றல் வந்தது, கிழக்கே நியூ பிரன்ஸ்விக் மாகாணத்துக்கு. மகள் ஒன்பதாம் வகுப்பு. மூன்று பேரும் மேசையில் இருந்து நெடுநேரம் பேசினோம். கடைசியில் கணவர் தனியே போனார்; நானும் மகளும் வோபர்னிலேயே நின்றோம். நாங்கள் செய்தது சரியா என்று எனக்கு முழுதாகத் தெரியாது. சில நாட்களில் வீடு மிகவும் பெரிதாகத் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் பேசும்போது, என்ன சமைத்தீர்கள் என்று மகள் அப்பாவைக் கேட்கிறாள். அவர் கமராவைத் திருப்பிச் சட்டியைக் காட்டுகிறார்.