இடது சிறுநீரகம்

யாங்கூனில் ரயில் பாதையை ஒட்டி, மிங்கலா தாங்ஞுன்ட்டில் ஒரு நான்காம் மாடி வீட்டில் இருக்கிறேன். பிறந்தது ஸ்காட்லாந்தில், ஒரு மீன்பிடி ஊரில். பர்மிய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பது தொழில். தமிழ் மட்டும் கீழ்வீட்டு அக்காவிடமிருந்து ஒட்டிக்கொண்டது. எங்கள் ஊரில் வீட்டுப் பேச்சு வேறு, பள்ளிக்கூடத்து ஆங்கிலம் வேறு. வீட்டுச் சொல் வாய்தவறி வந்துவிட்டால் ஆசிரியை திருத்துவார். அக்கா தமிழில் கேட்க, அவர் மகள் பர்மியத்தில் பதில் சொல்லும்போது அந்த வகுப்பறை நினைவுக்கு வரும்.

போன மழைக்காலத்தில் அக்காவின் கணவருக்குச் சிறுநீரகத்தில் பெரிய கல். சென்னையில் அறுவை சிகிச்சைக்கு ஏற்பாடாயிற்று. இங்கே கொடுத்த அறிக்கையை அங்கே ஆங்கிலத்தில் கேட்டார்கள். மின்சாரம் இருந்த ஒரு மதியத்துக்குள் நான்கு பக்கத்தையும் முடித்துக் கொடுத்தேன்.

அவர்கள் கிளம்பிப்போன மூன்றாம் நாள் மேசையை ஒழிக்கும்போது பிரதி கண்ணில் பட்டது. பர்மியத் தாளில் இடது சிறுநீரகம். என் தாளில் வலது. நான் இடதுகைக்காரி, சிறுவயதில் வலதுகையால் எழுதப் பழக்கினார்கள். இன்றும் இடமா வலமா என்று ஒரு நொடி தடுமாறுவேன். அன்று அந்த ஒரு நொடி நிற்காமல் எழுதியிருக்கிறேன். மறுநாள் காலை அறுவை சிகிச்சை.

வீட்டில் போனுக்கு சிக்னல் கிடைக்கவில்லை. மழையிலேயே ஸ்டேஷன் பக்கத்து டீக்கடைக்கு ஓடினேன். அங்கே நாலாவது தடவை அக்கா கிடைத்தார்.

"அக்கா, நான் தப்பா எழுதிட்டேன். கல்லு இடது பக்கம். வலதுன்னு எழுதியிருக்கேன்."

"தெரியும் சயாமா," என்றார் அக்கா. படித்த பெண்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். "வந்தன்னிக்கே டாக்டர் வேற ஸ்கேன் எடுத்துட்டாரு. காயிதத்தப் பாத்தெல்லாம் கத்தி வைக்கமாட்டோம்னாரு. இடது பக்கத்துல பேனாவால குறியும் போட்டாச்சு."

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நீங்க சோறு திங்காம கெடப்பீங்க. ஊருக்கு வந்து சொல்லிக்கலாம்னு இருந்தோம்."

கடையின் குட்டை நாற்காலியில் உட்கார்ந்தேன். கடைக்காரர் கேட்காமலே டீ கொண்டுவந்து வைத்தார். என் ஒரு சொல்லில் ஓர் உயிர் தொங்குகிறது என்ற நினைப்பிலேயே இத்தனை வருடம் வேலை செய்திருக்கிறேன். அதில் கொஞ்சம் கர்வமும் இருந்திருக்கிறது. எனக்குப் பின்னால் இன்னொருவர் சரிபார்க்கிறார் என்று தெரிந்ததில் கர்வம் போனது. போனது நல்லதாகத்தான் இருந்தது.

அன்று மாலையே திருத்திய பக்கத்தை மன்னிப்புக் கடிதத்தோடு மருத்துவமனைக்கு அனுப்பினேன். மறுநாள் மதியம் அக்கா கூப்பிட்டார். கல்லை எடுத்துவிட்டார்களாம், கண் விழித்ததும் அவர் கேட்டது டீயாம். போனை வைத்துவிட்டுப் படுத்தவள், மழை விட்ட பிறகுதான் எழுந்தேன்.