மஸ்கட்டுக்குக் கேட்ட சத்தம்

வேகத்தடை வந்தால் கிறிஸ்டி காரின் வேகத்தைக் குறைப்பதில்லை, சற்றே கூட்டுகிறார். இடப்பக்க இருக்கைக்கு முன்னால், தரையில் விரித்த துண்டின்மேல் கைப்பேசி கிடக்கிறது. முன்சக்கரம் தடையில் ஏறி இறங்கும்போது எழும் ‘கடக்’ என்ற ஒலி, மஸ்கட்டில் மெக்கானிக்காக வேலை பார்க்கும் அவர் கணவர் கிங்ஸ்லியின் காதுக்குப் போய்ச் சேர வேண்டும்.

“கேட்டுச்சா?”

“இன்னொருக்கா ஏத்து.”

“பின்னால பஸ்காரன் ஏசிட்டே வாறான். ஒங்களுக்கென்ன, அங்கன உக்காந்துட்டு ஏத்து ஏத்துங்கீய.”

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் வெள்ளிக்கிழமைதோறும் காலையில் இது நடக்கிறது. கிங்ஸ்லிக்கு வாரவிடுமுறை அன்றுதான். மூன்று வாரம் கேட்ட பிறகு, இடப்பக்கச் சக்கரத்தைத் தாங்கிப் பிடிக்கும் குமிழ் மூட்டான பால் ஜாயின்ட் தேய்ந்துவிட்டது என்று அவர் முடிவு சொன்னார்.

மேலகரத்தில் எங்கள் எதிர்வீடு அவர்களுடையது. கிறிஸ்டிக்கு நாற்பத்தாறு வயது. தாலுகா அலுவலகத்துக்கு அருகே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். மகள் நாகர்கோவிலில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். கணவர் ஊருக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இந்த இடைவெளியில் ஃபேன் பெல்ட், வைப்பர் மோட்டார், பிரேக் ஷூ ஆகியவற்றைக் கிறிஸ்டி தம் கையாலேயே மாற்றியிருக்கிறார். கழற்றிய போல்ட்டுகளைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு வெள்ளைத் தாளில் வைத்து, ஒவ்வொன்றையும் சுற்றிப் பேனாவால் கோடு வரைந்து எண் இட்டுக்கொள்வார்.

ஊரில் பட்டறைகள் இருக்கின்றனவே என்று ஒருமுறை கேட்டேன்.

“அவங்ககிட்ட விட்டா ஒரு மணி நேரத்துல முடிச்சிருவாவ அண்ணாச்சி,” என்றார், அது ஏதோ பெருங்குறை என்பதுபோல.

இம்முறை அவசரம் இருந்தது. ஜூலையில், சாரல் காலத்தில், கிங்ஸ்லி விடுப்பில் வருவதாகப் பேச்சு. திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குத் தாமே காரை ஓட்டிச்சென்று அழைத்துவர வேண்டும் என்பது கிறிஸ்டியின் ஆசை. “ஆரியங்காவு மலை வளைவுல அது கழண்டுச்சுன்னா வீலு ஒரு பக்கம், நீ ஒரு பக்கம். மாத்தாம எடுக்காத,” என்று கணவர் தடுத்திருந்தார்.

சென்ற வெள்ளிக்கிழமை மாற்றினார். கிங்ஸ்லி வீடியோ அழைப்பில் பார்க்கும்படி கைப்பேசியைப் பிடித்துக்கொள்வது என் பொறுப்பு. காரை ஜாக்கியில் உயர்த்தி, அடியில் இரும்புத் தாங்கியை வைத்து, சக்கரத்தைக் கழற்றியாயிற்று.

“அண்ணாச்சி, கேமராவ கொஞ்சம் கீழ எறக்குங்க. அவ மூஞ்சிதான் தெரியுது.”

“மூஞ்சி வேண்டாமாம் அண்ணாச்சி. நட்டுதான் வேணுமாம்.”

“நட்டு ஏசாதுல்லா.”

நட்டு தானாகக் கழலாமல் தடுக்கும் பூட்டுப் பின்னை உருவி, நட்டையும் கழற்றிய பிறகும் ஜாயின்ட் அசையவில்லை. “ஜாயின்ட்டுல அடிக்காதட்டி. அது மாட்டியிருக்க இரும்போட பக்கவாட்டுல போடு,” என்றார் கிங்ஸ்லி. சுத்தியலின் மூன்றாவது அடியில் அது விடுபட்டது. பழைய குமிழ் விரல் பட்டதும் எல்லாப் பக்கமும் சரிந்தது. புதியதை இரு கையாலும் அழுத்தித்தான் அசைக்க முடிந்தது. அதைப் பொருத்தி, தாளில் இட்ட எண்களைப் பின்னிருந்து முன்னாகப் பார்த்து ஒவ்வொரு போல்ட்டாக முடுக்கினார். கடைசியாக நட்டு.

“டைட்டா?”

“டைட்டு.”

“கைய வச்சு ஆட்டிப் பாரு.”

ஆட்டினார். அசைவே இல்லை.

“பின்னப் போட்டு மடக்கி விட்டுரு. வேல முடிஞ்சு.”

கிறிஸ்டி புதிய பின்னைக் கையில் எடுத்தார், போடவில்லை. “லீவு கேட்டீயளா?”



“நேத்து கேட்டேன். ஆளு பத்தாதுங்காவ. டிசம்பர்ல பாப்போம்னு சொல்லுதாவ.”

“போன வருசமும் டிசம்பருன்னுதான் சொன்னாவ.”

“நான் என்னட்டி செய்ய?”

“ஒண்ணும் செய்யாண்டாம்.”

எங்கள் தலைக்கு மேல் மலைப்பக்கமிருந்து மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. கிங்ஸ்லி குரலைச் சற்றே உயர்த்தி, மகிழ்ச்சி போல ஒன்றை வரவழைத்துக்கொண்டு சொன்னார்: “வண்டிதான் சரியாயிட்டுல்லா. இனிமே வெள்ளிக்கிழம காலைல ஒனக்கு ரோட்டுல அலைச்சல் கெடையாது. கொஞ்ச நேரம் கூடத் தூங்கு. போன வச்சிரட்டா?”

கிறிஸ்டி பின்னைத் தாளின்மேல் வைத்துவிட்டு, கேமரா பார்க்க முடியாதபடி முதுகைத் திருப்பிக்கொண்டு, சக்கரக் குழிக்குள் குனிந்தார்.

“வச்சிராதீய,” என்றார். “இந்த நட்டு இன்னும் லூசாத்தான் இருக்கு.”

சொல்லிக்கொண்டே, ஸ்பானரை மாட்டி, ஓசையெழாமல் நட்டை இடப்பக்கமாக அரைச்சுற்றுத் தளர்த்தினார்.