பத்து மணிக்குப் பூட்டும் பார்க்

போன செவ்வாய், மரக்காணம் பஸ் ஸ்டாப். உச்சி வெயில். பாண்டி பஸ் வருகிற வழியாயில்லை. தகரக் கூரைக்குக் கீழே நின்றால்... நாமென்ன வடகமா? வேர்வை ஊற்றுகிறது, காயத்தான் மாட்டேனென்கிறது.

பக்கத்தில் ஒரு பெண் தன் கணவருக்கு மருந்துச்சீட்டால் விசிறிக்கொண்டிருந்தாள். "என்னங்க, தலை சுத்துதா?"

அந்தக் குரல்!

"கூனிமேடு நஸீமாதானே நீ?"

உற்றுப் பார்த்தாள். "ஏய்... விஜயா!"

பத்தாம் வகுப்பில் என் பக்கத்து சீட். பரீட்சை முடிந்ததும் நிக்காஹ் ஆகிப் போனவள். முப்பது வருஷம்! கட்டிக்கொள்ளக்கூட நேரமில்லை — அவள் கணவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆஞ்சியோ பண்ணி ரெண்டு மாசந்தாண்டி ஆகுது..." அவரைத் தாங்கிப் பிடித்தாள்.

எதிரே புதுப் பார்க். கேட்டில் பூட்டு. வாட்ச்மேனிடம் ஓடினேன்.

"பத்து மணிக்கு மூடிடுவோம்மா. நாலு மணிக்குத்தான் தொறப்போம்."

"வெயிலுக்கு ஒதுங்கத்தானேங்க பார்க்கு? வெயில் நேரத்துல மூடினா எப்படி?"

தரையில் உட்கார்ந்திருந்தவரை எட்டிப் பார்த்த வாட்ச்மேன், சாவியை எடுத்தார்.

உள்ளே பளபளவென்று கிரானைட் பெஞ்சுகள். நஸீமா கை வைத்தாள். "யா அல்லாஹ்!" தோசைக்கல்தான்! டைல்ஸ் தரையிலிருந்து வேறு அனல். கடற்காற்றோ, மதிலுக்கு அந்தப் பக்கம்.

"அங்க வேணாம்மா. பின்னாடி வாங்க" என்றார் வாட்ச்மேன்.

பின்பக்கம் மதில் இன்னும் எழும்பவில்லை. வெறும் மண். ஒரு பெரிய பூவரச மரம். காற்று... அப்பா! கால் மணி நேரத்தில் நஸீமா கணவரின் முகத்தில் களை திரும்பியது. தண்ணீர் குடித்தார். மரத்தில் சாய்ந்து கண்ணயர்ந்தார்.

அப்புறம்தான் உறைத்தது. இது எங்கள் இடம்! பார்க் வருமுன் காலி மனை. பள்ளிக்கூட நாளில் தினமும் இந்த மரத்தடியில்தான் சாப்பாடு. அவளுடைய நெய்ச்சோறு எனக்கு, என் புளிச்சோறு அவளுக்கு. சிரித்துச் சிரித்துப் புரையேறும்.

"என் கல்யாணத்துக்கு ஏண்டி வரலை?" என்றாள் திடீரென்று.

"நீ எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே. ஊர் சொல்லித்தானே தெரிஞ்சுது? அந்தக் கோபம்."

நஸீமா என் பக்கம் திரும்பினாள்.

"எனக்கே முந்தின நாள்தாண்டி சொன்னாங்க."

முப்பது வருஷமாக நான் பத்திரமாக வைத்திருந்த கோபம்! அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பஸ் போனது. எழுந்திருக்கவில்லை.

பார்க் கட்டுகிற புண்ணியவான்களே, சிலையும் செயற்கை அருவியும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஒரு மரத்தையும், காற்று வர ஒரு வழியையும் விட்டுவையுங்கள்.

மனசு விட்டுப் பேசணும்னா, முதலில் உடம்பு கொஞ்சம் ஆறணுமே!