ஜரிகைக் கரை போட்ட பேய்கள்

ஹாலோவீன் என்ற பேச்சைக் கேட்டாலே எனக்கு எரிச்சல்தான் வரும். அக்டோபர் பிறந்தால் போதும், மெல்பேர்ன் கடைகளில் ஆரஞ்சுப் பூசணிக்காய்களைக் குவித்துவிடுவார்கள். அவ்வளவு நல்ல காயை விலை கொடுத்து வாங்கி, சதையைச் சுரண்டிக் குப்பையில் போட்டுவிட்டு, வெறும் ஓட்டுக்குள் விளக்கு ஏற்றுவார்களாம். சாம்பார் வைக்கத் தெரியாத ஜனங்கள் என்று கடையில் நின்றே முணுமுணுத்திருக்கிறேன். போதாக்குறைக்கு, இந்த ஊரில் அக்டோபர் கடைசி என்பது வசந்த காலம். ராத்திரிச் சாப்பாட்டு நேரம் வரைக்கும் வெயில் அடிக்கும். கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு எந்தப் பேயாவது வருமா?

ஆனால் என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. முந்தைய வருஷம் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டு ஹாலோவீனுக்குப் போய் வந்ததிலிருந்து, அடுத்தது நம் வீட்டில்தான் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அந்த வீட்டில் புகை கக்கும் மெஷினை வாடகைக்கு எடுத்திருந்தார்களாம். கேக்கைக் கல்லறை மாதிரி செய்திருந்தார்களாம். நாங்களோ மெல்பேர்னின் ஓரத்தில், டார்னெய்ட்டில் புது வீடு கட்டிக் குடிவந்து, வங்கி வட்டி ஏறுவதைப் பார்த்து வயிறு எரிந்துகொண்டிருந்தோம். எங்கள் வீட்டில் புகைக்குத் தனியாக மெஷின் தேவைப்படவில்லை.

"பார்ட்டி வெச்சுக்கோ. ஆனா அலங்காரத்துக்குன்னு ஒரு சாமான்கூட புதுசா வாங்க மாட்டேன். வீட்ல இருக்கிறதை வெச்சுத்தான்," என்றேன். இதைக் கேட்டதும் ஆசை அடங்கிவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

"டீல்," என்று அவள் கையை நீட்டினாள். மாட்டிக்கொண்டது நான்தான்.

முதல் பிரச்சினை வெயில். வீட்டில் இருட்டு என்று சொல்லக்கூடிய ஒரே இடம் கார் நிறுத்தும் கராஜ். காரைத் தெருவில் விட்டுவிட்டு, ரோலர் கதவின் கீழே வெளிச்சம் வரும் இடுக்குகளில் பழைய ஜமக்காளங்களைச் சுருட்டி அடைத்தோம். கதவை இறக்கியதும் கும்மிருட்டு. எனக்கே கொஞ்சம் உற்சாகம் வந்துவிட்டது.

அடுத்தது ரத்தம். மஞ்சளில் சுண்ணாம்பைக் கலந்து தட்டில் ஊற்றினால் ஆரத்தி. அதையே கையில் தொட்டு அட்டைப் பெட்டியில் அப்பினால் கொலை. எதிர்வீட்டில் புது ஃப்ரிட்ஜ் வாங்கிய பெட்டியைக் கேட்டு வாங்கி, அதைச் சவப்பெட்டியாக்கி, என் ஐந்து விரலையும் பதித்தேன். பூசணிக்காய் ஒன்று வாங்கினேன்தான். ஆனால் அது மறுநாள் சமையலுக்கு. அதை வெட்டாமல், சுண்ணாம்பாலும் கரியாலும் முகம் மட்டும் வரைந்தேன். எனக்கு வரையத் தெரிந்தது திருஷ்டிப் பூசணிக்காய் முகம் ஒன்றுதான். பெரிய மீசை, தொங்கும் நாக்கு. "ஒய் டஸ் இட் ஹாவ் எ மஸ்டாஷ்?" என்று மகள் கேட்டாள். எங்க ஊர்ப் பேய் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டேன்.

பேய்களுக்கு என் கணவரின் வேட்டிகள். எங்கள் கல்யாணம், அவர் தம்பி கல்யாணம், மாமா பெண் கல்யாணம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேட்டி வந்து சேர்ந்திருந்தது. ஒவ்வொன்றும் ஒரு நாள் கட்டியதோடு சரி. பெட்டியிலிருந்து எடுத்தபோது அவருக்கு நெஞ்சே அடைத்துவிட்டது.

"ஜரிகைக் கரை போட்ட பேயை எங்கயாவது பார்த்திருக்கியா?"

"வசதியான வீட்டுப் பேய்னு வெச்சுக்குங்க," என்றேன்.

பாச்சை உருண்டை வாசனை போகட்டும் என்று, பார்ட்டிக்கு முதல் நாள் அந்த வேட்டிகளைப் பின்கட்டுக் கொடியில் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் கேட்டது.

"ஆருக்குப் பிள்ளை கலியாணம்?"

பக்கத்து வீட்டு அன்ரி; ஆன்ட்டியை அவர் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துக்காரர், அறுபதைத் தாண்டியவர். நாங்கள் குடிவந்த அன்றைக்கே மட்டன் ரோல்ஸ் தட்டோடு வந்து, "குசினி எங்கை?" என்று கேட்டுக்கொண்டே நேராகச் சமையலறைக்குள் போய்ப் பால் காய்ச்சுவதற்குப் பாத்திரம் தேடியவர். அவரும் அவர் கணவரான அங்கிளும் சண்டை போடுகிறார்கள் என்று பதறிப்போய் எட்டிப் பார்த்தால், இரண்டு பேரும் சீட்டு விளையாடிக்கொண்டிருப்பார்கள். அவ்வளவு சத்தம், அவ்வளவு சிரிப்பு. அந்த ஏப்ரலில் அங்கிள் மாரடைப்பில் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து ஒரு சத்தமும் கேட்கவில்லை. ஜன்னல் திரைகள் திறக்கவே இல்லை. சிட்னியில், லிட்கமில் இருக்கும் மகன் தன்னோடு வரச்சொல்லிக் கெஞ்சியும் அவர் போகவில்லை.

நான் மகளின் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டேன். கொலுவுக்குக் கூப்பிட்டேன். தீபாவளிக்குக் கூப்பிட்டேன். பாதி திறந்த கதவுக்குப் பின்னாலிருந்து ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான். "ஆட்டத்திவசம் முடியட்டும் பிள்ளை. அது மட்டும் நல்ல காரியத்துக்கு நான் வரக்கூடாது." முதல் வருஷத் திதி முடியும்வரை விசேஷங்களுக்குப் போகமாட்டார்கள். எங்கள் பக்கத்திலும் அப்படித்தான், அதனால் எதிர்த்துப் பேச முடியாமல் திரும்பிவிடுவேன். ஆனால் ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் அவர் இன்னும் கொஞ்சம் இளைத்திருந்தார். இப்படியே போனால் திதி வரும்போது இவர் இருப்பாரா என்று எனக்கு உள்ளூரப் பயம்.

அதனால் அவர் தானாக வாயைத் திறந்து ஒரு கேலி பேசியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"கல்யாணம் இல்ல அன்ரி, ஹாலோவீன். இதெல்லாம் பேய்ங்க. நீங்களும் நாளைக்கு வாங்களேன்."

முகம் உடனே மூடிக்கொண்டது. "நான் எப்படிப் பிள்ளை வாறது? நல்ல காரியத்துக்கு..."

எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "இது எங்க அன்ரி நல்ல காரியம்? வெள்ளிக்கிழமையும் அதுவுமா வீட்டுக்குள்ள பேயைத் தொங்க விடப்போறோம். ரத்தம், எலும்பு, சவப்பெட்டி எல்லாம் இருக்கு. இதைவிடக் கெட்ட காரியம் உலகத்துல உண்டா? இதுல நீங்க வந்து புதுசா எது கெட்டுப்போகப் போகுது?"

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. அன்ரி குழாயை மூடினார். உள்ளே போய்விட்டார்.

அன்று மாலை ரயிலைவிட்டு இறங்கி வந்த கணவரிடம் இதைச் சொன்னபோது அவர் ஷூவைக்கூடக் கழற்றாமல் நின்றுவிட்டார். "புருஷன் போய் ஒரு வருஷம்கூட ஆகல. அவங்களைப் போய்ப் பேய் பார்ட்டிக்குக் கூப்பிட்டியா? உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா?"

மூளை ஃப்ரிட்ஜில் இருந்தது. இடியப்பத்தைப் பிழிந்து, தண்ணீர் தெளித்து, ஜில்லென்று ஒரு பெட்டிக்குள் வைத்திருந்தேன். கண்ணைக் கட்டிக்கொண்டு கையை விடுகிறவர்களுக்கு அது மூளை. டப்பா லிச்சிப்பழம் கண்விழி. அவித்த வெண்டைக்காய் விரல். வேறு நாளாக இருந்தால் இதைச் சொல்லி அவரைச் சிரிக்க வைத்திருப்பேன். அன்றைக்கு வாய் வரவில்லை. மனுஷியை ஒரேயடியாகப் புண்படுத்திவிட்டேனே என்று மனசு அடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டுக்குப் போய் மணியை அடித்தேன். கதவு திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை வகுப்புப் பிள்ளைகளும் தெருப்பிள்ளைகளுமாக ஒரு கூட்டம் வந்து இறங்கியது. சூனியக்காரிகள், எலும்புக்கூடுகள், காரணமே தெரியாமல் ஒரு வாழைப்பழம். என் முதல் தோசை எப்போதுமே பேய் வடிவத்தில்தான் வரும். அன்றைக்கு எல்லாத் தோசையையும் அதே மாதிரி ஊற்றி, மிளகை வைத்துக் கண் பொருத்தினேன். பிள்ளைகள் கெட்சப்பைத் தொட்டுக்கொண்டு போட்டி போட்டுத் தின்றார்கள். இடியப்ப மூளையைத் தொட்ட வாழைப்பழம் அலறிக்கொண்டு தெருமுனை வரை ஓடியது. பெற்றோர்கள் வாசல் பக்கம் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

கராஜில்தான் மானம் போனது. பிள்ளைகளை உள்ளே விட்டுக் கதவை இறக்கினோம். மூலையில் விட்டிருந்த ஒரு சின்ன விளக்கின் மங்கலில் வேட்டிகள் மெல்ல அசைந்தன. மகள் தன் டாப்லட்டில் பேய்ச் சத்தத்தைப் போட்டாள். காசு கொடுக்காமல் கிடைத்த சத்தம். ஊளை நன்றாக ஏறி உச்சிக்குப் போகும் சமயத்தில் சட்டென்று நின்று, ஒரு பெண் குரல் கார் இன்ஷூரன்ஸ் எடுத்துவிட்டீர்களா என்று உற்சாகமாகக் கேட்டது.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "இட்ஸ் ஜஸ்ட் எ கராஜ்!" என்றான் எலும்புக்கூடு. ஆளாளுக்கு வெளியே போகத் தொடங்கினார்கள். மகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எல்லாரையும் இரண்டே நிமிஷம் வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, என் போனில் வேறு சத்தம் தேடலாம் என்று பக்கவாட்டுக் கதவைத் திறந்தேன்.

வேலியோரச் சந்தில் அன்ரி நின்றார்.

வெளிறிப்போன பருத்திச் சேலை. கொண்டையை அவிழ்த்து, நரைத்த கூந்தலை முன்னும் பின்னுமாகப் பரப்பிவிட்டிருந்தார். நானே ஒரு அடி பின்வாங்கிவிட்டேன்.

"நான் வேஷம் ஒண்டும் போடேல்லை. தலைமயிரை மட்டும் அவிட்டு விட்டிருக்கிறன்," என்றார். "காணுமோ?"

"தாராளம் அன்ரி," என்றேன். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டின.

"முன்னுக்கு எங்கட ஆக்கள் இருக்கினம். கண்டால் கதைப்பினம். நான் ஒரு மூலையில நிண்டு பாத்திட்டுப் போறன்."

அவரை வேட்டிகளுக்குப் பின்னால், ஃப்ரிட்ஜ் பெட்டிச் சவப்பெட்டியின் அருகே நிறுத்தினேன். "அன்ரி, சத்தம் காலை வாரிடுச்சு. நீங்களே ஏதாவது கத்துங்களேன்."

"எனக்கு உதெல்லாம் வராது பிள்ளை."

பிள்ளைகள் மறுபடி உள்ளே வந்தார்கள். கதவு இறங்கியது. முதலில் "ஊ" என்று பலவீனமாக ஒரு சத்தம். யாரோ ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது. போச்சு என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு வந்ததை என்னவென்று சொல்வது? அடிவயிற்றிலிருந்து கிளம்பிய ஒரு கூக்குரல், ஏறி, நடுவில் உடைந்து, உடைந்த இடத்திலிருந்து இன்னும் மேலே ஏறியது. நிற்கும் என்று நினைத்த இடத்தில் நிற்கவில்லை. ரோலர் கதவின் தகடு அதிர்ந்தது. என் கைமயிர் குத்திட்டு நின்றது. பிள்ளைகள் ஒன்றாக அலறி, நான் கதவை ஏற்றியதும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து வெயிலுக்கு ஓடினார்கள். வெளியே போனதும் துள்ளிக் குதித்தார்கள். வாசலில் இருந்த ஒரு தகப்பனார், "இந்த ஆடியோ எங்க டவுன்லோட் பண்ணீங்க?" என்று என்னிடம் கேட்டார்.

நான் வேட்டியை விலக்கிப் பார்த்தேன். அன்ரி ஜரிகைக் கரையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். முகமெல்லாம் தண்ணீர். தோள் குலுங்கியது.

அங்கிளின் இறுதிச் சடங்கன்று நானும் போயிருந்தேன். சடங்கு நடத்தும் மண்டபத்தை மணிக்கணக்குப் பார்த்துத்தான் தருவார்கள். அடுத்த குடும்பம் வெளியே காத்திருந்தது. மகனின் அலுவலக நண்பர்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு வரிசையாக அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். அன்ரி குரலெடுத்து அழ வாயைத் திறந்தபோது மகன் மெல்லக் கையைப் பிடித்து, "அம்மா, ப்ளீஸ்," என்றான். அவர் வாயை மூடிக்கொண்டார். டிஷ்யூவை மடித்து மடித்துக் கையில் வைத்திருந்தார். அன்று அவர் மூடிய வாய்தான் இன்று என் கராஜில் திறந்திருக்கிறது என்று புரிந்தது. அவர் தோளை அணைத்துக்கொண்டேன்.

"போதும் அன்ரி. உள்ள வாங்க, தண்ணி குடிங்க."

"பொறு பிள்ளை." மூக்கை உறிஞ்சினார். "வெளியில என்ன சத்தம்? பிள்ளையள் பயந்திட்டுதுகளோ?"

"இன்னொரு தடவை வேணுமாம்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். என் கணவரின் கல்யாண வேட்டியில் முகத்தை அழுத்தித் துடைத்தார். "அப்ப கூப்பிடு," என்றார். "இந்த முறை அந்த லைற்றையும் நூர்த்து விடு." விளக்கை அணைத்துவிட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டேன்.

அன்று மாலை அவர் எத்தனை முறை கத்தினார் என்று யாரும் எண்ணவில்லை. பிள்ளைகள் போய்ப் போய்த் திரும்பி வந்தார்கள். சில பெரியவர்களும் வரிசையில் புகுந்துவிட்டார்கள். கடைசிச் சுற்றுகளில் ஊளையின் நடுவே களுக்கென்று ஒரு சிரிப்பும் கலந்து வந்தது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது என்று எலும்புக்கூடு என்னிடம் ரகசியமாகச் சொன்னான்.

எல்லாரும் போன பிறகு அன்ரி கூந்தலை முடிந்துகொண்டு எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். நான் சுடச்சுடத் தோசை போட்டேன். மகள் அவரை ஒட்டி உட்கார்ந்து, "அன்ரி, தட் வாஸ் ஸோ ஸ்கேரி! நிஜமாவே பயந்துட்டேன்," என்றாள்.

"நானும்தான் பிள்ளை," என்றார் அன்ரி. தோசையைப் பிய்த்துக்கொண்டே, வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோல் சொன்னார். "அங்கிள் போன நாள் தொட்டு உந்த வீட்டில தனிய எனக்கு ஒவ்வொரு நாளும் பயம்தான். இண்டைக்குத்தான் நான் மற்றாக்களை வெருட்டினனான்."

சொல்லிவிட்டு, சீட்டாட்டத்தில் ஜெயித்துவிட்டவர்போல வாய்விட்டுச் சிரித்தார். நான் அவர் தட்டில் இன்னொரு தோசையைப் போட்டேன். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.