இரண்டு வார்டான எங்கள் தெரு

போடியில் எங்கள் தெரு சின்னத் தெரு. வார்டு எல்லையை மாற்றி வரைந்தவர்கள் அதன் நடுவே கோடு போட்டுவிட்டார்கள். எதிர்ச்சாரி வீடுகள் பழைய வார்டிலேயே இருந்தன. எங்கள் சாரியை மட்டும் தூக்கி, ரயில்வே ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கத்து வார்டோடு ஒட்டிவிட்டார்கள். யார் மண்டையில் உதித்த யோசனையோ!

அந்த வார்டில்தான் என் நாத்தனார் கவுன்சிலருக்கு நின்றாள். கட்சி கிடையாது, சுயேச்சை. அங்கே அவளை யாருக்குத் தெரியும்? எங்கள் சாரியை நம்பித்தான் நின்றாள். எங்கள் சாரியிலோ பாதிப் பெண்கள் விடியுமுன் ஜீப்பேறி ஏலக்காய் எடுக்க மலைக்குப் போகிறவர்கள். நானும் ஒருத்தி. தோட்டம் கேரளா பக்கம். நம்மூர்த் தேர்தலுக்கு அங்கே லீவு இல்லை.

ஓட்டு நாளன்று கங்காணியிடம் கெஞ்சிக் கூத்தாடிக் கொஞ்சம் முன்னதாகவே இறங்கினோம். ஜீப் வழக்கம்போல ஸ்டாண்டில் விட்டது. பக்கத்திலேயே பள்ளிக்கூடம். எந்தத் தேர்தலானாலும் இறங்கியதும் அங்கே ஓட்டுப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம். அன்றும் இரண்டு சாரிப் பெண்களும் பேசிக்கொண்டே போய்க் கியூவில் நின்றோம். "ஸ்டேஷனுக்கு அங்கிட்டுதான் நமக்கு ஓட்டு" என்று நாத்தனார் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். காதில் விழுந்ததுதான், கால் கேட்டால்தானே!

உள்ளே இருந்தவர் சீட்டைப் பார்த்து, "உங்களுக்கு இங்க இல்லம்மா" என்றதும்தான் நாத்தனார் சொன்னது உறைத்தது. ஓட்டு நேரம் முடியப்போகிறது. நடந்தால் போய்ச் சேர முடியாது.

எங்கள் சாரிப் பெண்கள் மட்டும் ஸ்டாண்டுக்கு ஓடினோம். நல்லவேளை, ஜீப் கிளம்பவில்லை. ஆனால் டிரைவர் அண்ணன், நாத்தனாரை எதிர்த்து நின்றவருக்காகத் தெருத்தெருவாக மைக் பிடித்தவர். எங்களை ஏற்றிப் போனால் யாருக்கு ஓட்டு விழும் என்று அவருக்குத் தெரியாதா? கேட்கவே கூச்சமாக இருந்தது.

"அண்ணே, தப்பான எடத்துல நின்னுட்டோம். ஸ்டேஷனுக்கு அங்கிட்டுக் கொண்டுபோய் விட்டுருண்ணே."

எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "வெளங்கும்! மலையிலயே சொல்லியிருந்தா நேரா அங்கனயே எறக்கியிருப்பேன்ல? ஏறுங்காத்தா, வெரசா!"

அந்தப் பூத்துக்குள் நாங்கள் நுழைந்த பிறகுதான் போலீஸ்காரர் கேட்டைச் சாத்தினார். கியூவில் நின்ற எல்லோருக்கும் டோக்கன் கொடுத்தார்கள். அது கையில் இருந்தால் நேரம் கடந்தாலும் ஓட்டுப் போடலாமாம். அப்பாடா என்று சுவரில் சாய்ந்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் எங்கள் சாரியில் நடக்கமாட்டாதவர்கள் பலர், "அம்புட்டுத் தூரமா?" என்று வீட்டோடு இருந்துவிட்டார்கள். அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம்தான்.

நாத்தனார் ஜெயித்தாள். ஒரு ஜீப்பில் ஏறுகிற ஆட்கள் அளவுதான் வித்தியாசம். ரிசல்ட் வந்த மறுநாள் விடியுமுன் ஸ்டாண்டுக்குப் போகும்போது, டிரைவர் அண்ணன் முகத்தில் எப்படி முழிப்பது என்று பயந்துகொண்டே போனேன். ஏறி உட்கார்ந்தேன். அவர் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி பின்னால் திரும்பினார்.

"எங்க ஆளத் தோக்கடிச்ச லோடு மொத்தமும் ஏறியாச்சா? போகலாமா?"

அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.