நின்று சொன்ன அபிப்பிராயம்

குவைத்தில், ஃபஹாஹீலுக்குத் தெற்கே எண்ணெய் ஆலையின் குழாய் வேலைக்காகப் போட்டிருந்த கேம்பில் அந்த எழுபத்தாறாம் வருடம் நூற்று அறுபது பேர் இருந்தார்கள். அமெரிக்கத் தேர்தலில் ஓட்டுப் போடுகிற உரிமை அவர்களில் ஒருவருக்கும் கிடையாது. இருந்தும் அதிபர் ஃபோர்டு விமானப் படியில் தடுக்கி விழுந்ததும், எதிர்த்து நின்ற கார்ட்டர் கடலை பயிரிடுகிறவர் என்பதும், இரண்டு பேரும் டெலிவிஷனில் வாதாடியபோது ஒலி அறுந்துபோய் இருபத்தேழு நிமிடம் வாயைத் திறக்காமல் நின்றதும் அத்தனை பேருக்கும் அத்துப்படி. இதற்கெல்லாம் காரணம் ஒரே ஆள், முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கார்மேகம்.

கார்மேகம் சாரம் கட்டுகிறவர். நாற்பதடி உயரத்தில் இரும்புக் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பார், கீழே இறங்கினால் வானொலிப் பெட்டியை மடியில் வைத்துக்கொள்வார். லண்டன் தமிழ் ஒலிபரப்பு இருக்கிற நாளில் லண்டன், இல்லாத நாளில் டில்லி அல்லது இலங்கை. அது போதாது என்று, சைட் ஆபீசில் டைம் கீப்பராக இருந்த கீழக்கரை செய்கு அலாவுதீனிடம் உட்கார்ந்து ஆங்கிலப் பத்திரிகையில் வந்ததையெல்லாம் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொள்வார். பொழுது சாய்ந்ததும் மெஸ்ஸில் சாப்பாட்டுக்கு முன்னால் கேம்புக்கே செய்தி சொல்வார். ஊரில் எமர்ஜென்சி வந்து தேர்தலைத் தள்ளிப்போட்டிருந்த காலம் அது. ஊர்ப் பத்திரிகை மூன்று வாரம் கழித்து வந்து சேர்ந்தாலும் தணிக்கை போக அதில் படிக்க ஒன்றும் இருக்காது. அதனால் இன்னொரு நாட்டுத் தேர்தலை அந்த ஆட்கள் தங்கள் வீட்டு விசேஷம் போலக் கேட்டார்கள்.

செய்தி சொல்வதில் கார்மேகம் ஒரு முறை வைத்திருந்தார். நின்றுகொண்டு சொன்னால் அது வானொலியோ பத்திரிகையோ சொன்னது. அதில் தன் சொல் ஒன்றுகூடக் கலக்க மாட்டார். சொல்லி முடித்ததும் சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்காருவார். உட்கார்ந்து பேசினால் அது கார்மேகத்தின் சொந்த அபிப்பிராயம், இஷ்டமிருந்தால் கேட்கலாம், இல்லாவிட்டால் தட்டை எடுக்கப் போகலாம். இதை யாரும் எழுதி ஒட்டவில்லை. புதிதாக வந்தவனுக்குக்கூட இரண்டே நாளில் பிடிபட்டுவிடும்.

உட்கார்ந்த கார்மேகம் லேசுப்பட்டவர் இல்லை. பத்திரிகைக்காரர்களைப் பிடிபிடி என்று பிடிப்பார்.

"அந்தக் கார்ட்டர் பல்லைப் பத்தியே பத்து நாளா எழுதுறாய்ங்க. பல்லா நாட்டை ஆளப்போகுது? என்ன செய்யப்போறேன்னு அவரு சொன்னதை எந்த மூலையில போட்டிருக்கான்னு பாய் பூதக்கண்ணாடி வச்சுத் தேடுறாரு."

ஃபோர்டு தடுக்கியதைத் திரும்பத் திரும்பப் படம் போட்டதில் அவருக்குத் தனிக் கோபம். "உசரத்துல வேலை பாக்குறவனுக்குத்தான் தெரியும், கால் வழுக்குறது குத்தமில்லன்னு. வழுக்குன ஆளு எந்திரிச்சு நின்னாரா இல்லையா, அதைப் போடுறாய்ங்களா?" என்பார். இப்படியே பேசிப் பேசி அவர் ஃபோர்டு கட்சி ஆகிவிட்டார். இதைச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார், ஆனால் கேம்பு முழுக்கத் தெரியும்.

அக்டோபர் மாதம் முதல் வெள்ளிக்கிழமை தாண்டி அடுத்த வெள்ளி. அந்த வாரம்தான் வேட்பாளர்களின் இரண்டாவது வாதம் நடந்து முடிந்திருந்தது. கார்மேகத்தின் பேர் பரவியதில், ரோட்டுக்கு அந்தப் பக்கக் கேம்பிலிருந்து முப்பது பேர் கேட்க வந்துவிட்டார்கள். மெஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. கார்மேகம் நின்று செய்தியைச் சொன்னார். அரபு நாடுகள் மறுபடி எண்ணெயை நிறுத்தினால் அதைப் பொருளாதாரப் போராகவே எடுத்துக்கொள்வேன் என்று கார்ட்டர் பேசியதைச் சொன்னபோது எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவர்கள் வேலை பார்த்தது அமெரிக்கக் கம்பெனியில், தோண்டியது அரபு மண்ணில்.

செய்தி முடிந்தது. கார்மேகம் திரும்பிப் பார்த்தால் பெஞ்சில் விருந்தாளிகள் ஆறு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். எழுந்திருங்கள் என்று எப்படிச் சொல்வது? அத்தனை முகமும் தன்னையே பார்ப்பதில் மனிதருக்குக் கொஞ்சம் தலை கனத்திருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. நின்றபடியே தொடர்ந்தார்.

"கார்ட்டர் வந்தா இந்தக் கம்பெனி ஆறு மாசத்துல மூட்டையக் கட்டிரும். அதுல சந்தேகமே இல்ல."

சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். உட்காராததை அவர் கவனிக்கவே இல்லை.

பதின்மூன்று நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை மத்தியானம், செய்கு அலாவுதீன் அவரை ஆபீஸ் ஜன்னலருகே கூப்பிட்டார்.

"கார்மேகம், உங்க ரூம் பன்னீர்செல்வம் கான்ட்ராக்ட் ரினீவல் தாள்ல கையெழுத்துப் போட மாட்டேங்கிறாரு. கூட இன்னும் நாலு பேரு. சனிக்கிழமை மத்தியானத்தோட முடியுது. ஏன்னு கேட்டா, கம்பெனி மூடப்போவுதுன்னு லண்டன்லயே சொல்லிட்டாங்களாமே, அதுக்கு முந்தி கம்பெனி குடுக்குற டிக்கெட்டோட போயிடுறோம்கிறாங்க. லண்டன்ல எப்போ சொன்னாங்க? நான் கேக்கலையே."

 அன்றைக்குப் பெஞ்சில் இருந்த ஆறு பேரும் கார்மேகத்துக்கு ஒவ்வொருவராக ஞாபகத்துக்கு வந்தார்கள்.

பன்னீர்செல்வம் வெல்டருக்கு உதவி ஆளாக இருந்தவன், பரமக்குடிப் பக்கம். பம்பாயில் ஏஜண்டு வாசலில் இரண்டு வருடம் நின்றுதான் இந்த வேலைக்கே வந்தான். ஊரில் மூன்றாவது வருடமாக மழை இல்லை. இப்போது இதை விட்டுப் போனால் மறுபடி அதே வாசல்தான். அதற்கும் மேலே, டிசம்பரில் வந்துவிடுகிறேன் என்று மனைவி சரோஜாவுக்குக் கடிதமும் போட்டுவிட்டான்.

"பாய், அது லண்டன் சொன்னது இல்ல. நான் சொன்னது. நின்னுக்கிட்டே சொல்லிட்டேன்" என்றார் கார்மேகம்.

அலாவுதீனுக்கு உடனே விளங்கிவிட்டது.  "அந்த அஞ்சு பேரையும் தனியா கூப்பிட்டுச் சொல்லிருங்க. வேற யாருக்கும் தெரிய வேணாம். மூணு வருசமா சேத்து வச்ச பேரு."

நல்ல யோசனைதான். கார்மேகத்துக்கும் அது ரொம்பப் பிடித்திருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். சாயங்காலம் வரை சாரத்தின் மேலே நின்று அதையே புரட்டிப் பார்த்தார். அந்தப் பேரைத் தவிர அவருக்கு இந்த மணலில் வேறென்ன இருந்தது? ஆனால் அன்றைக்கு மெஸ்ஸில் இருந்தவர்கள் கிட்டத்தட்ட இருநூறு பேர். அதில் எவன் எவனிடம் சொன்னான், எவன் எந்த ஊருக்குக் கடிதம் போட்டான் என்று யார் கண்டது? பல்லைப் பற்றி எழுதுகிறவனை வாய் கிழியத் திட்டிவிட்டு, தன் தப்பை மட்டும் மூலையில் ஒளிப்பது என்ன நியாயம் என்றும் பட்டது.

அன்று பொழுது சாய்ந்ததும் மெஸ்ஸில் நடுவில் வந்து நின்றார். பெஞ்சு காலியாகத்தான் இருந்தது.

"அமெரிக்கச் செய்தி பிறகு சொல்றேன். முதல்ல இந்தச் செய்தி. கம்பெனி ஆறு மாசத்துல மூடும்னு போன வெள்ளிக்கு முந்துன வெள்ளி நான் நின்னுக்கிட்டுச் சொன்னேன். அதை லண்டன் சொல்லல, டில்லி சொல்லல, எந்தப் பத்திரிகையிலயும் வரல. அது என் அபிப்பிராயம். எனக்கு ஃபோர்டைப் பிடிக்கும், அதனால வந்த பேச்சு. அதை நம்பி யாரும் வேலையை விடாதீங்க. தப்பு என்னுது."

 பின்வரிசையில் யாரோ சிரித்தான். இன்னொருவன், "அப்ப இதுக்கு முந்தி சொன்னதெல்லாம் எப்படி?" என்று கேட்டான்.

"கேக்க வேண்டியதுதான். எதுல சந்தேகமோ அதைச் சொல்லு. பாய்கிட்ட பழைய பேப்பர் எல்லாம் இருக்கு, உக்காந்து பாப்போம்" என்றார் கார்மேகம்.  காது மடல் சிவந்திருந்தது.

பன்னீர்செல்வம் எழுந்து அவர் முன்னால் வந்தான். அடிப்பானோ என்றுகூடச் சிலர் நினைத்தார்கள்.

"சரோஜாவுக்கு எழுதிட்டேன்ணே. வர்றேன்னு எழுதிட்டேன். அவ நாள் எண்ணிக்கிட்டு இருப்பா."

"தெரியும்டா."

"இப்ப என்னன்னு எழுதுறது?"

"என் பேரைப் போட்டு எழுது. கார்மேகம் தப்பாச் சொல்லிட்டான்னு எழுது."

பன்னீர்செல்வம் வெளியே போனான். அன்று ரூமில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். மறுநாள் வெள்ளிக்கிழமை, கார்மேகம் சட்டையை மாட்டிக்கொண்டு ரோட்டைத் தாண்டி அந்தக் கேம்புக்குப் போய், வந்திருந்த முப்பது பேரையும் தேடிப் பிடித்து அதே வார்த்தைகளைச் சொல்லிவிட்டு வந்தார். சிலர் கேலி செய்தார்கள். ஒருவன் டீ வாங்கிக் கொடுத்தான்.

சனிக்கிழமை காலையில் ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டார்கள். மாலையில் அலாவுதீன் தானாகவே கேம்புக்கு வந்தார், வழக்கமாக வருகிறவர் இல்லை.

"இருபது வருசமா பேப்பர் படிக்கிறேன். தப்பாப் போட்டதை முதல் பக்கத்துல போட்டு, திருத்தத்தை உள்பக்கத்து ஓரத்துல பொடி எழுத்துல போடுவாங்க. அதே இடத்துல, அதே சத்தத்துல சொன்ன ஆளை இப்பத்தான் பாக்குறேன்" என்றார். கார்மேகம் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் அந்த வார்த்தை நெஞ்சில் போய் உட்கார்ந்ததை அவரால் மறைக்க முடியவில்லை. அப்பா உயிரோடு இருந்து கேட்டிருக்க வேண்டிய பேச்சு என்று நினைத்துக்கொண்டார்.

நவம்பர் மூன்றாம் தேதி முடிவு வந்தது. கார்ட்டர் ஜெயித்தார். தன் ஆள் தோற்ற செய்தியைக் கார்மேகம் நான்கு வாக்கியத்தில், ஒரு பெருமூச்சுகூட விடாமல் சொல்லி முடித்தார். மெஸ் நிறைந்திருந்தது. ஒருவரும் தட்டை எடுக்கப் போகவில்லை. எல்லோர் மனதிலும் இருந்ததைப் பன்னீர்செல்வம்தான் கேட்டான்.

"அண்ணே, இப்ப கம்பெனி இருக்குமா, போயிருமா?"

ஏதாவது சொல்ல ஆயிரம் வழி இருந்தது. வானொலி வைத்திருக்கிற மனிதரிடம் அத்தனை பேரும் எதிர்பார்த்ததும் அதைத்தான்.

"எனக்குத் தெரியாது" என்றார் கார்மேகம்.

பன்னீர்செல்வம் அவரையே பார்த்தான். பிறகு, "சரிண்ணே" என்று சொல்லிச் சாப்பாட்டு வரிசையில் போய் நின்றான்.

அந்த வாரம் அவன் ஊருக்கு எழுதிய கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால், சரியாக இருக்கிறதா என்று கார்மேகத்திடம் படித்துக் காட்டினான். நலம் விசாரிப்பெல்லாம் முடிந்து நடுவில் இப்படி எழுதியிருந்தான்: "சரோஜா, கம்பெனி இருக்குமா என்று கார்மேகம் அண்ணனுக்கே தெரியாதாம். அவரே வாய்விட்டுச் சொன்னார். மூடும் என்று நிஜமாகச் செய்தி வந்தால் அதையும் மறைக்காமல் சொல்வார். அதனால் நான் தைரியமாக இருக்கிறேன், நீயும் தைரியமாக இரு."