பெட்டி இல்லாத வீடு

பூச்சி அரிக்காமல் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய கோதுமை மாப் பசையின் மணம் மூக்கில் ஏறினால் போதும், எனக்கு மறுபடி ஒன்பது வயதாகிவிடுகிறது. கோப்பாயில் எங்கள் வீட்டு விறாந்தையில் அம்மா அந்தப் பசைச் சட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, புடவைக்கடைகளில் கழித்துவிட்ட கடதாசி மட்டைகளை வெட்டி, மடித்து, ஒட்டிக்கொண்டிருப்பார். எல்லாம் ஓர் அகப்பைக்காகத்தான்.

சுன்னாகம் சந்தையில் அகப்பைகளைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டுத்தான் விற்பார்கள். அதற்கொரு பெட்டி வேண்டுமென்று யாரும் நினைத்ததில்லை. கொழும்பில் கடை வைத்திருந்த ஒருவர், வெளிநாட்டிலிருக்கும் எங்கள் சனத்துக்கு அனுப்புவதற்காக, தேங்காய்ச் சிரட்டை அகப்பைக்குப் பொருந்துகிற பெட்டியொன்று செய்து காட்டும்படி அம்மாவிடம் சொல்லியிருந்தார். சிரட்டை உருண்டை, காம்பு நீளம், அதிலும் ஒன்றைப்போல ஒன்று இராது. எத்தனையோ மட்டைகளை வெட்டி எறிந்த பின், அகப்பையைச் சரிவாகப் படுக்கவைத்து, காம்பைப் பிடிக்க உள்ளே ஒரு மடிப்பும் சிரட்டை தெரிய ஒரு வட்ட யன்னலுமாக அம்மா அதைக் கண்டுபிடித்தார். மாதிரியைப் பஸ்சில் அனுப்பிவிட்டுக் கடைக்காரரின் அழைப்புக்காகக் காத்திருந்தோம். அந்த ஓடர் கிடைத்தால், இதய வருத்தத்தோடு அறைக்குள் படுத்திருந்த அப்பாவைக் கொழும்புக்குக் கொண்டுபோய்ச் சத்திரசிகிச்சை செய்விக்கலாம். வேறு வழியே எங்களுக்கு இருக்கவில்லை.

இதற்குள் ஒரு சங்கடம் வந்து சேர்ந்தது. எங்கள் பக்கத்தில் செத்த வீட்டு வாசலில் "பெட்டி வந்திட்டுதோ?" என்று கேட்டால், எந்தப் பெட்டி என்று ஒருவரும் திருப்பிக் கேட்கமாட்டார்கள், பிரேதப் பெட்டிதான். பக்கத்து வீட்டு மாமி ஒருநாள் வாசல் படலையடியில் நின்று, "வருத்தக்காரன் படுத்திருக்கிற வீட்டிலை நாள் முழுக்கப் பெட்டி பெட்டியெண்டு கதைக்கிறியள், என்ன பிள்ளை உது?" என்று அம்மாவிடம் கேட்டுவிட்டுப் போனார். அம்மாவுக்கு உயிர் போய் வந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பெட்டி "கூடு" ஆகிவிட்டது. அகப்பைக்கூடு, மட்டைக்கூடு, ஏன், நெருப்புப்பெட்டிகூட நெருப்புக்கூடுதான். "உந்தச் சொல்லு இந்த வீட்டிலை இனிக் கேக்கப்படாது. ஆர் கேட்டாலும் பெட்டி இல்லையெண்டு சொல்லு" என்று அம்மா என் காதைத் திருகிச் சொன்னார்.

அம்மா கிணற்றடியில் நின்ற ஒரு காலையில் கைத்தொலைபேசி அடித்தது. "பிள்ளை, பெட்டி செய்யிற வீடோ?" என்றது ஓர் ஆண் குரல். அறைக்குள் அப்பா விழித்துக் கிடந்தார். அவருக்குக் கேட்டுவிடுமோ என்று தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டேன். "இல்லை, எங்கடை வீட்டிலை பெட்டி இல்லை, இனி எடுக்காதேங்கோ" என்று வைத்துவிட்டேன். அப்பாவைக் காப்பாற்றிவிட்ட பெருமை வேறு. அம்மா வந்து கேட்டபோது, ஆரோ பிழையாய் எடுத்தது என்றேன்.

நாலு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அம்மாவே கடைக்காரரை அழைத்தார். அவருடைய குரல் எனக்கும் கேட்டது. "உங்கடை பிள்ளைதானே இல்லையெண்டு சொன்னது? நான் வேறை ஆக்களிட்டைக் குடுத்திட்டன் அக்கா." அம்மா கெஞ்சினார், அழுதார், ஒன்றும் நடக்கவில்லை. என்னை அடிக்கக் கையை ஓங்கியவர், தான் சொல்லித்தந்ததுதானே என்று நினைத்தாரோ என்னவோ, அந்தக் கையால் தன் தலையிலேயே அடித்துக்கொண்டார். அன்று அவர் என்னை அடித்திருக்கலாம். எனக்கு இன்றைக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

அப்பா என்னைக் கூப்பிட்டார். மூச்சு வாங்க வாங்க, "பெட்டியெண்டு ஒருக்காச் சொல்லு பிள்ளை. நீ சொல்லி நான் சாகப்போறேல்லை" என்றார். சிரிக்கவும் பார்த்தார். நான் வாயை இறுக்க மூடிக்கொண்டு மாட்டேன் என்று தலையாட்டினேன். சொன்னால் செத்துவிடுவார் என்று அவ்வளவு நம்பியிருந்தேன். அந்த மாதம் முடிவதற்குள் அவர் போய்விட்டார். "பெட்டி வந்திட்டுது" என்று யாரோ படலையில் நின்று சத்தம்போட்டபோது ஒருவரும் தடுக்கவில்லை.

இப்போது யாழ்ப்பாண நகரில் மட்டைப் பெட்டி வடிவமைப்பதுதான் என் தொழில். முன்பு கடதாசிச் சரையில் சுற்றித் தந்த விளக்குத்திரியும் பனங்கிழங்கு ஒடியல் மாவும் சீப்பும் இன்று நான் அளவெடுத்த பெட்டிகளுக்குள் போகின்றன. கயிற்றில் கோத்த அகப்பையைச் சந்தையில் காண்பது அரிதாகிவிட்டது. அம்மா மட்டும் இன்னும் "கூடு" என்கிறார், நான் திருத்துவதில்லை. தொலைபேசியில் யாராவது "பெட்டி செய்யிற இடமோ?" என்று கேட்கத் தொடங்கினால், முடிக்கவும் விடாமல், "ஓம், பெட்டிதான், பெட்டிதான்" என்று இரண்டு தரம் சொல்லிவிடுகிறேன். ஒன்று கேட்டவருக்கு. மற்றது, அன்று அப்பா கேட்டது.